இரண்டும் சரியாகுமா?

தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதும் எவரும் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கற்றுக்கொள்வர். செம்பனைக் காட்டில் குலைகளை எண்ணி எழுதிய கணக்கு ஒன்று வரும். லாரியை ஆலையின் எடைமேடையில் நிறுத்தி நிறுத்தெடுத்த சீட்டு மற்றொன்று வரும். இரண்டும் ஒத்திருந்தால் பேச்சில்லை. ஒவ்வாதிருந்தால், 'இதுவும் சரி, அதுவும் சரி' என்றெழுதி ஏட்டை மூடிவிட ஒருவருக்கும் துணிவு வராது. குலையை மறுபடி எண்ணுவர், தராசைச் சோதிப்பர், வழியில் நடந்ததென்ன என்று லாரிக்காரரை விசாரிப்பர். அந்த வித்தியாசத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் கூலி அடங்கியிருக்கிறதென்பதை எல்லோரும் அறிவர். பிழை இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தாலன்றிக் கணக்கு முடிந்ததாகாது.

வயிற்றைத் தொடும் கணக்கில் இத்துணை நேர்மையை வேண்டி நிற்கும் நம்மவர், வாழ்வையே தொடும் வேறொரு கணக்கில் மட்டும் 'இரண்டும் சரி' என்ற விடையைக் கேட்டுத் தலையசைத்து வீடு திரும்புவதேன்? அறிந்தவர் எனப்படுவோரும் அப்போது வாய் மூடியிருப்பதேன்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். இரண்டாவது வினாவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நாமே என்பதையும் முன்னதாகவே ஒப்புக்கொள்ளுகிறோம்.

நிகழ்ந்தது இது. 2023-ஆம் ஆண்டின் நடுவில், சிகாமட் வட்டாரத்தில் நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில், வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் தம் மகளின் திருமணத்திற்கென வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பித் தர வந்தார். திருமணம் என்னவாயிற்றென்று கேட்டோம். பெண் தனுசு ராசி. அவளைப் பிடித்திருந்த ஏழரைச் சனி, சனி கும்பத்தில் புகும் நாளோடு விலகிவிடும் என்பது சோதிடர் வாக்கு. பெண் வீட்டார் வைத்திருந்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி அந்நாள் 2023 ஜனவரி 17. ஆகவே ஆவணியில் முகூர்த்தம் வைத்தனர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நம்பியதோ வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி சனி பெயர்வது அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றுக் கோயிலில் சனிப்பெயர்ச்சி விழா நடந்ததும் அந்த டிசம்பர் நாளில்தான். 'சனி விடாத பெண்ணை வீட்டுக்குள் அழைப்பதெப்படி?' என்று அவர்கள் தயங்கினர். ஒரு பஞ்சாங்கத்தின்படி விடுதலை பெற்றுவிட்ட பெண், மற்றொரு பஞ்சாங்கத்தின்படி இன்னும் சிறையிலிருந்தாள்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு அவர் நம்மைப் பார்த்து, "கிராணி ஐயா, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. ரெண்டுல எதுங்க சரி?" என்று கேட்டார். விடை நமக்குத் தெரியும். "பெரியவங்களைக் கலந்துக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு ரசீதில் கையெழுத்திட்டோம். அவர் போய் ஒரு சோதிடரைக் கேட்டார். அந்தச் சோதிடர் இரு வீட்டாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல், "இரண்டும் சரியே, அவரவர் குல வழக்கப்படி பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். காத்திருந்த காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்தில் சம்பந்தம் முடித்துக்கொண்டனர்.

இனிச் சனி என்பது யாதெனப் பார்ப்போம். சூரியனிலிருந்து சராசரி 143 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சுற்றிவரும் ஒரு பெருங்கோளம் அது. குறுக்களவில் நம் பூமியைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல்; எடையில் 95 மடங்கு. பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்னும் இலேசான வாயுக்களால் ஆனதாதலின், அதன் அடர்த்தி தண்ணீரினும் குறைவு. அதனிடமிருந்து புறப்படும் ஒளி நம் கண்ணை வந்தடைய ஏறக்குறைய 80 நிமிஷம் செல்லும். சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. வான வட்டத்தை நம் முன்னோர் பன்னிரண்டு ராசிகளாகப் பகுத்தனர்; அவ்வட்டத்தைச் சனி கடக்கும் காலத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ராசி ஒன்றுக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. உலகத்துத் தமிழரையெல்லாம் நடுங்கவைக்கும் அந்த 'ஏழரை', இவ்வாறு பிறந்த ஒரு வகுத்தற் கணக்கேயன்றி வேறில்லை.

அதைச் சூழ்ந்திருக்கும் அழகிய வளையங்களை ஒரு சிறிய தொலைநோக்கியிலேயே காணலாம். அதைச் சுற்றிவரும் சந்திரன்களோ பல. 2025 மார்ச்சில் ஒரே சமயத்தில் 128 புதிய சந்திரன்களுக்கு அங்கீகாரம் கிடைத்து, தொகை 274 ஆயிற்று. அவற்றுள் பெரியதான டைட்டன், புதன் கிரகத்தினும் பெரியது. அடர்ந்த நைட்ரஜன் காற்று அதனைப் போர்த்திருக்கிறது. மீத்தேன் என்னும் பொருள் அங்கே மழையாய்ப் பெய்து ஆறாய் ஓடி ஏரியாய்த் தேங்குகிறது. 2005 ஜனவரி 14-ஆம் நாள் ஹைகன்ஸ் என்னும் கருவி அங்கே இறங்கிப் படமெடுத்து அனுப்பியது. என்சலாடஸ் என்பது 500 கிலோமீட்டர் அளவே உள்ள பனிக்கட்டி உருண்டை. அதன் தென் துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீச்சியடிப்பதைக் காசினி என்னும் விண்கலம் அதே ஆண்டில் கண்டது. பனித்தோட்டின் அடியில் உப்புநீர்க் கடலொன்று மறைந்திருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறாமல் தடுக்கும் கொடுங்கோலன் என நாம் கேட்டறிந்த இடத்தில், இவ்வளவு அற்புதங்கள் தம் பாட்டில் நடந்துகொண்டிருக்கின்றன!

இவ்வறிவெல்லாம் மனிதனுக்கு எவ்வாறு கிடைத்தது? இங்கேதான் நம் ஒழுக்க வினாவின் வேர் உள்ளது.

1610 ஜனவரி 7-ஆம் நாள், இத்தாலியின் படுவா நகரில் கலிலியோ தாம் செய்த தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பினார். கிரகத்தின் அருகே மூன்று சிறு நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் தெரிந்தன. மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. ஒரு வாரத்திற்குள் நான்காவதொன்றும் தென்பட்டது. அவை வியாழனைச் சுற்றும் சந்திரன்கள் என்பது விளங்கிற்று. இன்று அவற்றை அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ என்கிறோம். 'பூமி சூரியனைச் சுற்றி ஓடுமாயின் தன் சந்திரனைப் பின்னே விட்டுவிட்டல்லவா ஓடும்?' என்று அக்காலத்தில் பலர் வாதித்து வந்தனர். ஓடுவதென எல்லோரும் ஒப்பிய வியாழன், ஒன்றன்று, நான்கு சந்திரன்களை உடன் இழுத்துக்கொண்டு ஓடுவதைக் கண்ணாற் கண்ட பின் அவ்வாதம் நிற்க இடமில்லாது போயிற்று. எல்லாம் நம்மைச் சுற்றியே இயங்குகின்றன என்ற மனிதனின் செருக்கும் அன்று அடிபட்டது.

இதைக் காண நாம் படுவாவுக்குப் போகவேண்டியதில்லை. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டரைப் பாகையில் இருக்கும் நம் சிகாமட்டில், வியாழனும் சனியும் ஏறக்குறைய உச்சிக்கே ஏறி வருகின்றன. மழையோய்ந்து மேகம் விலகிய இரவில், ரப்பர் மரங்களின் நிழல் விழாத ஒரு வெட்டவெளியில் நின்று, சாதாரண இரட்டைக்குழல் தூரக்கண்ணாடியைக் கை நடுங்காமல் பிடித்தால் வியாழனின் சந்திரன்கள் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். அடுத்த இரவு பார்த்தால் இடம் மாறியிருக்கும். கலிலியோ கண்டதை அவர் பேரைக் கேட்டறியாத சிறுவனும் காணலாம். மெய்யின் இயல்பு அது. குலம் கேட்காது, குரு தட்சிணை கேட்காது.

அயோ தன் சுற்றை நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறது. சுற்றுதோறும் வியாழனின் நிழலில் மறைந்து மீளும். அது மறையும் நேரங்களுக்கு அட்டவணை வகுத்தவர் பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்துப் பெரியார் காசினி. அட்டவணைக்கும் வானத்துக்கும் சில மாதங்களில் சில நிமிஷங்கள் ஒவ்வாதிருந்தன. சில நிமிஷந்தானே என்று விட்டுவிட்டிருக்கலாம். அதே நிலையத்தில் வேலை பார்த்த டென்மார்க்குக்காரர் ரோமர் விடவில்லை. பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் காலங்களில்தான் தாமதம் வளர்கிறதென்பதைக் கண்டு, ஒளி நம்மிடம் வந்து சேரக் காலம் பிடிக்கிறது என்று முடிவு செய்தார். 1676 நவம்பர் 9-ஆம் நாள் அயோ நிழலிலிருந்து வெளிப்படுவது பத்து நிமிஷம் தாமதமாகும் என முன்கூட்டியே அறிவித்தார், அவ்வாறே ஆயிற்று. காசினியோ அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ரோமர் சொன்ன அளவிலும் பிழை இருந்தது. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிஷம் ஆகுமென்றார். உண்மையில் பதினாறரை நிமிஷமே. பின்வந்தோர் திருத்தினர். கவனிக்க வேண்டியது யாதெனில், ஒவ்வாத அச்சில நிமிஷங்களை மறைத்திருந்தால், ஒளிக்கு வேகமுண்டு என்ற பேருண்மையும் அவற்றோடு மறைந்தே கிடந்திருக்கும்.

மேனாட்டார் மட்டும் பிறவியிலேயே பகுத்தறிவாளர் என்று நாம் சொல்ல வரவில்லை. 1655-இல் டைட்டனைக் கண்டுபிடித்த ஹைகன்ஸ் சிறந்த விஞ்ஞானி. ஆயினும் அவர் அப்போது அறிந்த கிரகங்கள் ஆறு, சந்திரன்களும் ஆறு, ஆகப் பன்னிரண்டு. இது நிறைவான எண். இனி வேறு சந்திரன் இராதென்று கருதினார். எண்ணின் அழகில் மயங்கித் தேடலை நிறுத்திய அவரையும் வானம் விட்டுவைக்கவில்லை. 1671 முதல் 1684-க்குள் சனியின் வேறு நான்கு சந்திரன்களைக் காசினி கண்டார். ரோமரின் விளக்கத்தை மறுத்துத் தவறியவரும், ஹைகன்ஸின் தவற்றைத் திருத்தியவரும் ஒரே காசினிதான்! ஆள் பெரியவர் என்பதனால் அவர் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடுவதில்லை. ஒன்றில் தவறினார் என்பதனால் மற்றதெல்லாம் பொய்யாவதுமில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். 'நம் முன்னோர் தொலைநோக்கி இல்லாமலே கிரகணத்தைக் கணித்தனரே! கிரகணம் சொன்னபடி நிகழ்கிறதே! பஞ்சாங்கத்தைப் பழிப்பது நன்றியின்மையன்றோ?' என்பர். இத்தடை மதிக்கத்தக்கது, ஆதலின் சான்றோடு ஆராய்வோம்.

1825-இல் சென்னையில் அச்சான 'கால சங்கலிதம்' என்னும் நூலில் ஜான் வாரன் என்பவர் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியிலிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடம் செய்திருந்த சொற்களையும் அசைகளையும் அட்டவணையாகக் கொண்டு, ஒரு வரி எழுதாமலே அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே அவர் கணக்குப் பிழைத்தது. காகிதமும் கருவியுமின்றி இவ்வளவு நெருங்கிய அந்தப் பெரியவரை நாம் கைகூப்பி வணங்குகிறோம். ஆயினும் அக்கணக்கிற்கு அடிப்படையான சாஸ்திரத்தை அவர் அறிந்திலர் என்றும் வாரன் எழுதுகிறார். ஆசான் வாயிலாக வந்ததை அணுவும் பிசகாமல் காத்து நின்றார். 52 நிமிஷம் எங்கே போயிற்றென்று தேடும் கருவி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அஃது அவர் குற்றமன்று. கேள்வி கேட்பதைப் பாடத்தில் சேர்க்காத ஒரு முறையின் குற்றம்.

இனி, கிரகணம் ஒத்தது. ஆகையால் சாதகப் பலனும் மெய் என்பது எவ்வகையில் நியாயம்? ஒரு கடையில் தராசு சரியாயிருந்தால் அக்கடைக்காரர் சொல்லும் மருந்தையும் விழுங்கிவிடலாமா? கிரகணம் இன்ன மணிக்கு நிகழுமென்பது வானத்தில் சோதிக்கத்தக்க சொல். சனியால் பெண்ணுக்குத் தீங்கு என்பது முற்றும் வேறான சொல். முதற்சொல்லின் நல்ல பேரைக் காட்டி இரண்டாவதற்கு ஜாமீன் வாங்குகிறார்கள். சோழி பரப்பிய பெரியவரின் உழைப்பை இவ்வாறு அடகு வைப்பதே அவருக்குச் செய்யும் நன்றியின்மை.

அவர் மரபை மெய்யாகவே வளர்த்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடியிற் பிறந்து, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முதல் உதவியாளராக விளங்கிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்தாம் அவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் அரச வானவியற் சங்கத்தில் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9-இல் சூரியனுக்கு நேராகச் சுக்கிரன் கடந்து சென்ற நிகழ்ச்சியைப் பொதுஜனங்களுக்கு விளக்க இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். வானத்தில் காணும் நிலைக்கும் பஞ்சாங்கத்தில் எழுதிய நிலைக்கும் வேற்றுமை இருந்தால், திருத்த வேண்டியது பஞ்சாங்கத்தையே என வற்புறுத்தினார். 1880-இல் அவர் மறைந்து நூற்றாண்டு கடந்தும், நம் மணமேடைகளில் அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சம்பவம் உண்டு. அதை அறிந்த நாள்முதல் நம் உள்ளத்தை அது விட்டகலவில்லை. வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலைக் காட்டில் காவலூர் என்னும் சிற்றூர். அங்கே ஒரு மீட்டர் கண்ணாடியுடைய தொலைநோக்கி 1972-இல் நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் முன்னே செல்லவிருந்தது. காவலூரில் காத்திருந்த பட்டாச்சார்யா, குப்புசாமி என்னும் இருவர், அந்த நட்சத்திரம் கிரகத்தினின்று விலகியிருக்கும்போதே சில நொடிகள் மங்கி மீண்டதைப் பதிவு செய்தனர். ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. அறியப்படாத ஒரு சந்திரனாக இருக்கலாமென்று கருதி, 'நேச்சர்' என்னும் உலகப் புகழ் பெற்ற பத்திரிகையில் அவ்வாறே வெளியிட்டனர்.

அதே இரவு, இந்துமாக் கடலின் தென்பகுதிக்கு மேலே, தொலைநோக்கி பொருத்திய விமானமொன்றிலிருந்து அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அதே நட்சத்திரத்தைப் பார்த்திருந்தனர். கிரகம் மறைப்பதற்கு முன் ஐந்து முறையும், மறைத்து விலகிய பின் ஐந்து முறையும் நட்சத்திரம் மங்கியதை அவர்கள் கண்டனர். இருபுறமும் ஒத்த அளவில் நிகழ்ந்ததால், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. காவலூரார் கண்டது சந்திரனன்று, வளையத்தின் ஒரு பகுதி. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அவ்வளையங்களை அருகிருந்து படமெடுத்தது.

இங்கே எவராவது, 'அமெரிக்கர் வழக்கப்படி வளையம், தமிழ்நாட்டார் வழக்கப்படி சந்திரன். இரண்டும் சரி' என்று சொன்னார்களா? சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உலகம் நகைத்திருக்கும். இரு கணக்கையும் அருகருகே வைத்து, எது வானத்தோடு பொருந்துகிறதெனப் பார்த்தனர். காவலூராரின் விளக்கம் மாறிற்று. அவர்கள் கண்ட காட்சியோ மதிப்பிழக்கவில்லை. நட்சத்திரம் மங்கியது மங்கியதே. அப்பதிவும் வளையத்துக்குச் சான்றாயிற்று.

இதற்கு ஐந்தாண்டு முன்பு, 1972 ஜூன் 7-இல், வியாழனின் சந்திரனாகிய கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் பார்த்திருந்தனர். நட்சத்திரத்தின் ஒளி குறைந்த விதத்தைக் கொண்டு கனிமீடுக்கு மெல்லிய காற்றுறை உண்டென்று அறிவித்தனர். 1979-இல் வாயேஜர் 1 அருகே சென்று அளந்தபோது, சொன்ன அளவு காற்று அங்கில்லை என்று தெரிந்தது. பிற்பாடு ஹபிள் தொலைநோக்கி, இல்லையென்றே சொல்லத்தக்க அளவுக்கு நொய்ந்த ஆக்ஸிஜன் படலத்தைக் கண்டது. ஒருமுறை உண்டென்றும், மறுமுறை அவ்வளவில்லை என்றும், மூன்றாம் முறை சிறிதுண்டென்றும் ஏடு திருத்தப்பட்டது. திருத்திய ஏட்டை எவரும் கிழித்தெறியவில்லை, ஒளித்து வைக்கவுமில்லை. தோட்டத்து ஏட்டில் தவறிய எண்ணைச் சுரண்டி அழிக்காமல், கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்திடும் முறையைப் போன்றது இது. பிழை தெரியவேண்டும், திருத்தியதும் தெரியவேண்டும்.

இப்போது நம் இரண்டு பஞ்சாங்கங்களுக்குத் திரும்புவோம். வானத்தில் சனி ஒன்றே. திருக்கணிதத்தின்படி அது கும்பத்தினுள் எட்டுப் பாகைக்கு மேல் சென்றுவிட்ட நாளில்தான், வாக்கியத்தின்படி கும்பத்தின் வாசற்படியையே மிதிக்கிறது. எட்டுப் பாகையென்பது முழுநிலவு பதினாறை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம். கண்ணுக்கே தெரியும் வேற்றுமை. இரு கணக்குக்கும் இடையே 337 நாள். இந்த 337 நாளும் தனுசு ராசிக்காரர் சனியின் பிடியில் இருந்தனரா, இல்லையா? இருந்தனர் என்றால் திருக்கணிதத்தார் சொன்ன பலன்கள் பொய்த்திருக்க வேண்டும். இல்லை என்றால் வாக்கியத்தார் சொன்னவை பொய்த்திருக்க வேண்டும். இரு சாராருமோ, 'எங்கள் பலன் தவறாமல் பலித்தது' என்றே சாதிக்கின்றனர். சனி எந்த ராசியில் இருந்தாலும் பலன் பலிக்குமாயின், பலனுக்கும் சனிக்கும் சம்பந்தமில்லை என்பதை அவர்களே நிரூபித்துவிட்டனர். நாம் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

சோதிடர் சொன்ன 'இரண்டும் சரி' என்ற சொல் பெருந்தன்மைபோல் தோன்றும். உண்மையில் அது விசாரணையிலிருந்து தப்பியோடும் சொல். எங்கே இருவர் முரண்படும்போது 'யாராவது ஒருவர் திருந்தியாக வேண்டும்' என்ற கட்டாயம் இருக்கிறதோ, அங்கேதான் மெய் குடியிருக்கிறது. ஒருபோதும் தோற்கமுடியாதபடி அமைக்கப்பட்ட சொல்லுக்கு ஒருவரை ஆளும் உரிமை கிடையாது. தராசில் ஏற மறுக்கும் சரக்குக்கு விலை கேட்பது எவ்வளவு அநியாயமோ, சோதனைக்கு உட்பட மறுக்கும் சொல்லுக்கு ஒரு பெண்ணின் வாழ்வை விலையாகக் கேட்பதும் அவ்வளவு அநியாயம்.

கடைசியாக ஒரு தடையுண்டு. அது அறிவுள்ளோர் வாயிலிருந்தே வருவது. 'ஏழைக்கு அது ஒரு ஆறுதல். துன்பம் வந்தபோது சனியின்மேல் பழி போட்டு மனந்தேறுகிறார். அவர் ஊன்றுகோலைப் பிடுங்குவது கருணையா?' என்பர். நாமும் இச்சொல்லின் பின்னே பல்லாண்டு ஒளிந்திருந்தோம். ஆகவே இதன் உட்பக்கத்தை நன்கறிவோம். நஷ்டமடைந்தவர் சனியைத் திட்டி ஆறுதல் பெறுவதில் எவருக்கும் கேடில்லை. அதை நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதே நம்பிக்கை திருமண வாசலில் வந்து நிற்கும்போது, ஆறுதல் பெறுபவர் ஒருவராகவும் விலை கொடுப்பவர் வேறொருவராகவும் ஆகிவிடுகின்றனர். மாப்பிள்ளை வீட்டாருக்கு மனநிம்மதி; பெண்ணுக்குத் தலைகுனிவு. பிறர் கழுத்தில் ஏறிநின்று பெறும் ஆறுதலைக் கருணையென்பது சொல்லுக்கே இழுக்கு.

அன்றியும், அந்த முதியவர் நம்மிடம் ஆறுதல் கேட்கவில்லை. 'எது சரி?' என்று கேட்டார். எழுத்தறியாதவரிடத்திலிருந்து பிறந்த அக்கேள்வி ரோமரின் கேள்விக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இரு கணக்கு ஒவ்வாததைக் கண்டார், விடை தேடினார். விஞ்ஞானம் அவரிடமிருந்தது. நம்மிடமிருந்தது வெறும் படிப்பு. அவர் மனம் புண்படுமேயென்று தயங்கினோமென நாம் சொல்லிக்கொண்டதெல்லாம் சாக்கு. 'கிராணிக்கு ஏன் இந்த வம்பு?' என்று லயத்தில் நாலு பேர் பேசுவரே என்ற அச்சமே மெய்யான காரணம். நாம் அறிந்தது பிறரைக் கேலி செய்ய மட்டும் பயன்பட்டு, கேட்டவருக்குக் கைகொடுக்க வேண்டிய வேளையில் ஊமையாகிவிடுமானால், அவ்வறிவுக்கும் அடகுக்கடையில் கிடக்கும் நகைக்கும் என்ன வேற்றுமை?

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது நீண்ட பிரசங்கமன்று. "அண்ணே, மேகம் விலகுற ராத்திரி வாங்க. சனி எங்கே இருக்குன்னு காட்டுறேன். ரெண்டு புத்தகத்துல எது அதோட ஒத்துப்போகுதுன்னு நீங்களே பாருங்க. ஆனா ஒண்ணு, அதுக்கு உங்க மகளைத் தெரியாது" என்ற நாலு வார்த்தை போதும். அதனால் அத்திருமணம் நடந்திருக்குமென்று நாம் உறுதி கூறவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு நேர்மையான விடையாவது அவருக்குக் கிடைத்திருக்கும்.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் இரண்டு பஞ்சாங்கங்கள் இருக்கலாம். அவற்றைக் கொளுத்த வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, சனிப்பெயர்ச்சி நாளை உங்கள் பிள்ளைகளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களை வாசலுக்கு அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுங்கள். 'இரண்டும் சரியாகுமா?' என்று அவர்களில் ஒருவர் கேட்டால், அக்கேள்வியை அடக்கிவிடாதீர்கள். நாம் ஒருமுறை அடக்கிவிட்டோம்.